மறு: 'வோல்டேஜ் டிராப்' – தமிழில் எப்படிச் சொல்வது?

நண்பர்களுக்கு வணக்கம்.

கேரவனில் உள்ள ஃபிரிட்ஜுக்கு மின்சாரம் சரியாக வராவிட்டால் பழுதை எப்படித் தேடுவது என்று ஒரு சின்னக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். 'வோல்டேஜ் டிராப்' வந்த இடத்தில் எழுத்து நின்றுவிட்டது. முதலில் 'மின்னழுத்த வீழ்ச்சி' என்றுதான் எழுதினேன். வரைவைப் படித்த மெக்கானிக் நண்பர், "பேட்டரி இறங்கிப்போச்சுன்னு சொல்றீங்களா?" என்று கேட்டார். நான் சொல்ல வந்தது அது இல்லை. பேட்டரி நன்றாகத்தான் இருக்கிறது. ஃபிரிட்ஜுக்குப் போய்ச் சேர்வதற்குள் மின்னழுத்தம் குறைந்துவிடுகிறது. இரண்டையும் பிரித்துக் காட்டும்படி ஒரு சொல் கிடைக்குமா?

– – –

> இரண்டையும் பிரித்துக் காட்டும்படி ஒரு சொல் கிடைக்குமா?

'மின்னழுத்த வீழ்ச்சி' ஏற்கெனவே புழங்குகிற சொல். ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டார் என்பதற்காக அதைத் தூக்கி எறிய வேண்டுமா? அடைப்புக்குள் ஒரு வரி விளக்கம் போட்டால் போதும். ஆளுக்கு ஒரு சொல் படைத்துப் படைத்துத்தான் கலைச்சொல் என்றாலே படிப்பவர்கள் ஓடுகிறார்கள்.

– – –

இரண்டு மடல்களையும் படித்தேன். இந்த மயக்கத்தில் நானே இரண்டு நாள் கிடந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் வண்டியில் இருப்பது 12 வோல்ட் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ். ஒரு நாள் இரவு அது கிளம்புவதும் சில நொடிகளில் நிற்பதும் மறுபடி கிளம்புவதுமாக இருந்தது. காலையில் பேட்டரியில் மீட்டரை வைத்தேன், 12.6. ஃபிரிட்ஜுக்குப் போகும் வயரைக் கழற்றி அதன் நுனியில் வைத்தேன்; அங்கேயும் 12.6. மின்சாரம் வருகிறது, கோளாறு ஃபிரிட்ஜில்தான் என்று முடிவு கட்டித் தெர்மோஸ்டாட்டை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை.

வயரைக் கழற்றிவிட்டு அளந்ததுதான் நான் செய்த தப்பு. மின்னோட்டமே இல்லாத வயரில் அழுத்தம் எப்படிக் குறையும்? டிஜிட்டல் மீட்டரின் உள்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம். அது இழுப்பது ஒன்றேகால் மைக்ரோ ஆம்பியர்தான். அந்தத் துளி ஓட்டத்துக்கு, களிம்பு ஏறிய இணைப்புகூட முழு 12.6-ஐக் காட்டிவிடும். வயரைத் திரும்ப மாட்டி, கம்ப்ரசர் ஓடும்போது அளந்தேன். பேட்டரியில் 12.4, ஃபிரிட்ஜின் முனையில் 10.1. நடுவில் இருந்த ஃபியூஸ் தாங்கியைத் தொட்டால் கை சுட்டது.

இந்த வகையில் பரவலாக உள்ள டான்ஃபாஸ் பிடி35 கம்ப்ரசரின் கட்டுப்பாட்டுப் பலகை, வழக்கமான அமைப்பில் 10.4 வோல்டுக்குக் கீழே போனால் கம்ப்ரசரை நிறுத்திவிடும். 11.7-க்கு மேல் ஏறினால்தான் மறுபடி ஓடவிடும். நின்றவுடன் மின்னோட்டம் போய்விடுகிறது, அழுத்தம் 12.6-க்கு ஏறிவிடுகிறது, மறுபடி கிளம்புகிறது, விழுகிறது, நிற்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், அப்போது எச்சரிக்கை விளக்கு ஒரு தடவை மின்னும். ஒரு மின்னலுக்குப் பொருள் 'பேட்டரிப் பாதுகாப்பு'. அதாவது கருவியே பேட்டரியின் மேல் பழியைப் போடுகிறது. அதைப் படித்துவிட்டுப் புதுப் பேட்டரி வாங்கியவர்கள் எத்தனை பேரோ! ஆகவே மெக்கானிக் நண்பர் கேட்டது தனி ஒருவரின் குழப்பம் என்று நான் நினைக்கவில்லை.

'வீழ்ச்சி' என்றால் நமக்கு என்ன தோன்றுகிறது? விலை வீழ்ச்சி, ஆட்சியின் வீழ்ச்சி. நேற்று இருந்தது இன்று இல்லை என்ற பொருள். காலத்தில் நடப்பது. நாம் பேசுவதோ இடத்தைப் பற்றி: ஒரே நொடியில் இந்த முனையில் இவ்வளவு, அந்த முனையில் அவ்வளவு. இதற்குப் பாசனத்தில் நம்மிடம் அருமையான சொற்கள் இருக்கின்றன. தலைமடை, கடைமடை. தலைமடையில் தண்ணீர் நிறையப் போகும்; வாய்க்கால் சரியில்லை என்றால் கடைமடைக்கு வந்து சேராது. அதற்காக ஏரி வற்றிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. எனவே என் முன்மொழிவு:

பேட்டரியில் அளப்பது தலைமடை அழுத்தம். கருவியின் முனையில் அளப்பது கடைமடை அழுத்தம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு வழியிழப்பு.

– – –

கடைமடை பிரமாதம், எடுத்துக்கொள்ளலாம். வழியிழப்பை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

'இழப்பு' என்றால் மின்துறையில் திறன் இழப்பு. அதன் அலகு வாட். நீங்கள் பெயர் வைக்கப் பார்ப்பது வோல்டில் அளக்கிற ஒன்றுக்கு. ஒரு கெட்ட இணைப்பின் தடை 0.1 ஓம், அதில் 10 ஆம்பியர் ஓடுகிறது என்றால், அங்கே 1 வோல்ட் குறைகிறது, 10 வாட் வெப்பமாகப் போகிறது. உங்கள் கையைச் சுட்டது இரண்டாவது, கம்ப்ரசரை நிறுத்தியது முதலாவது. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், ஒரு மயக்கத்தைத் தீர்க்கப்போய் இன்னொன்றை உண்டாக்கியவர்கள் ஆவோம்.

வோல்ட் கணக்குக்கு வழியிறக்கம், வாட் கணக்குக்கு வழியிழப்பு என்று வைத்துக்கொண்டால் என்ன?

இன்னொன்று. மூன்று வழி ஃபிரிட்ஜை மறந்துவிட வேண்டாம். எரிவாயு, வெளி மின்சாரம், 12 வோல்ட் என்று எதில் வேண்டுமானாலும் ஓடும், சூட்டைக் கொண்டே குளிர்விக்கும் உறிஞ்சல் வகை. 1922-இல் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பிளாட்டன், முன்டெர்ஸ் என்ற இருவர் உருவாக்கிய அதே அம்மோனியா முறைதான். அதில் கம்ப்ரசர் இல்லை, நின்று நின்று கிளம்பாது, பெரும்பாலும் விளக்கும் மின்னாது. சூடேற்றியின் சூடு குறையும், குளிர் மந்தமாகும், அவ்வளவுதான். அதனால் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். 12 வோல்டில் 120 வாட் தரும் சூடேற்றியை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். போக 6 மீட்டர், வர 6 மீட்டர், 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் என்றால் வழியிறக்கம் ஏறத்தாழ 1.2 வோல்ட். அழுத்தம் பத்தில் ஒரு பங்குதான் குறைகிறது. ஆனால் திறன் அழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், கிடைப்பது 96 வாட் மட்டுமே. அதே தூரத்துக்கு 6 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இறக்கம் 0.33 வோல்டாகிவிடுகிறது, சூடேற்றிக்கு 113 வாட் கிடைக்கிறது.

– – –

> ஆளுக்கு ஒரு சொல் படைத்துப் படைத்துத்தான்

இதை எழுதியவன் நான்தான். வோல்டும் வாட்டும் பிரிகிற இடத்தைப் பார்த்தபின் 'வழியிறக்கம்' எனக்குச் சம்மதம். 'மின்னழுத்த வீழ்ச்சி'யை மின்வாரியப் பக்கம் திடீரென்று அழுத்தம் குறைவதற்கு வைத்துக்கொள்ளலாம். தலைமடை, கடைமடை மட்டும் வயலையே பார்க்காதவர்களுக்குப் புரியுமா என்று தெரியவில்லை.

– – –

எல்லோருக்கும் நன்றி. புரியுமா என்பதற்கு எழுதிப் பார்ப்பதுதான் வழி. கையேட்டின் அந்தப் பத்தியை இப்படி மாற்றியிருக்கிறேன்:

"ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அளக்கவும். மீட்டர் வயரின் நுனியில் உள்ள ஒரு முள்ளைப் பேட்டரியின் நேர்முனையிலும், மற்றதை ஃபிரிட்ஜின் நேர்முனையிலும் வைத்தால், மீட்டர் காட்டுவதே நேர்ப்பக்க வழியிறக்கம். கழித்துப் பார்க்க வேண்டியதில்லை. எதிர்முனைகளுக்கு இடையிலும் இதேபோல் அளந்து இரண்டையும் கூட்டவும். கூட்டுத்தொகை 12 வோல்டில் 3 சதவீதத்துக்குள், அதாவது 0.36 வோல்டுக்குள் இருந்தால் நல்லது. கூடுதலாக இருந்தால், ஃபிரிட்ஜ் பக்க முள்ளை ஒவ்வோர் இணைப்பாகப் பேட்டரியை நோக்கி நகர்த்தவும். எந்த இணைப்பைத் தாண்டியதும் எண் சட்டென்று குறைகிறதோ, கோளாறு அங்கேதான். தலைமடை அழுத்தமே குறைவாக இருந்தால் மட்டும் பேட்டரியைச் சந்தேகிக்கவும்."

மெக்கானிக் நண்பரிடம் காட்டினேன். வழியிறக்கம் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, நேராக முள்ளை எடுத்து வைத்துப் பார்க்கத் தொடங்கிவிட்டார். கடைமடைக்கு மட்டும் சிரித்தார்.

ஆனால் அவர் இன்னொரு சிக்கலைக் கிளப்பிவிட்டார். எதிர்முனைப் பக்கத்தை நான் 'நிலத்தொடர்பு' என்று எழுதியிருந்தேன். "ரப்பர் சக்கரத்துல நிக்கிற வண்டிக்கு நிலம் எங்கேங்க? நாங்க பாடி எர்த்துன்னு சொல்வோம்" என்கிறார். அவர் சொல்வது சரிதான். ஓட்டம் திரும்புவது வண்டியின் இரும்புச் சட்டம் வழியாக, மண் வழியாக அல்ல. வெளி மின்சாரத்தில் இணைக்கும்போதுதான் உண்மையான நிலத்தொடர்பு வருகிறது. ஒரே கையேட்டில் இரண்டும் வருகின்றன. 'சட்டத்தொடர்பு' என்று போட்டுப் பார்த்தேன், வக்கீல் வேலை மாதிரி ஒலிக்கிறது. வேறு ஏதாவது தோன்றுகிறதா?