பீன்ஸ் கொடியில் பூக்கள் உதிர்கின்றன: அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்

தோட்ட நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். வீட்டுத் தோட்டத்தில் நான் விதைத்த கொடி பீன்ஸ் 50 நாள்களைக் கடந்து, பந்தல் நிறைய இலைகளுடன் செழித்து நிற்கிறது. ஆனால் பூக்களில் பெரும்பாலானவை பிஞ்சு பிடிக்காமலேயே உதிர்ந்துவிடுகின்றன.

பீன்ஸ் தன்மகரந்தச் சேர்க்கை உடைய பயிர் என்பதால், தேனீக்கள் குறைவாக வருவதைக் காரணமாக நான் கருதவில்லை. பகல் வெப்பம் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது பூக்கள் உதிரக்கூடும் என்பதை அறிவேன். சில நாள்கள் அந்த அளவைத் தொட்டதும் உண்மையே. எனினும் என் ஐயம் உரத்தின் மீதுதான்: தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்தால் இலைகள் செழித்து, காய்ப்பு குறையுமே. வேர் முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியாக்கள் காற்றிலுள்ள தழைச்சத்தை நிலைநிறுத்தித் தரும் என்பதைக் கருத்தில் கொள்ளாமல், 10 நாள்களுக்கு ஒருமுறை தழைச்சத்து மிகுந்த பிண்ணாக்குக் கரைசலை ஊற்றி வந்தேன். மனமில்லாமல் ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தபோது, முடிச்சுகள் மிகச் சிலவே இருந்தன. அவற்றை வெட்டிப் பார்த்தால், உட்புறம், நன்கு செயல்படும் முடிச்சுகளைப் போல இளஞ்சிவப்பாக இல்லாமல் வெளிறிக் கிடந்தது.

கரைசலை நிறுத்திவிட்டால் இதே கொடிகள் காய்க்குமா, அல்லது புதிதாக விதைப்பதுதான் நல்லதா? நண்பகல் வெயிலுக்கு நிழல்வலை கட்டியவர்கள் எத்தனை நாள்களில் மாற்றத்தைக் கண்டீர்கள் என்பதையும் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.