என் முதல் ஐந்து பாப் குழுக்கள் (பீட்டில்ஸுக்கு ஐந்தாம் இடம், திட்டுபவர்கள் வரிசையில் வரவும்)

கேசட்காரன்:
நேற்று பரணைச் சுத்தம் செய்தபோது ஒரு செருப்புப் பெட்டி நிறையக் கேசட் கிடைத்தது. எல்லாம் ரெக்கார்டிங் சென்டரில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்து வாங்கியவை. ஒன்றின் அட்டையில் கடைக்காரர் ‘அப்பா ஹிட்ஸ்’ என்று எழுதியிருக்கிறார். ஆபா குழுவைத்தான் அப்படி எழுதினார். என் அப்பா அதைத் தனக்கு வாங்கி வந்தது என்று நினைத்து டேப்பில் போட்டுப் பார்த்தது தனிக்கதை.

பெட்டியைப் பார்த்த வேகத்தில் அறுபது, எழுபதுகளின் குழுக்களில் எனக்குப் பிடித்த ஐந்தை வரிசைப்படுத்தினேன்: ஆபா, பீச் பாய்ஸ், பீ ஜீஸ், கார்ப்பென்டர்ஸ், கடைசியாக பீட்டில்ஸ். பீட்டில்ஸ் மேல் மரியாதை உண்டு. ஆனால் நானாகத் தேடிப் போட்டுக் கேட்பது வருஷத்துக்கு இரண்டு தடவை. ஆபாவை வாரத்துக்கு இரண்டு தடவை கேட்கிறேன். என் கணக்கு அவ்வளவுதான்.

லிவர்பூல் லிங்கம்:
தலைப்பைப் பார்த்ததும் காபியை ஆறவிட்டு எழுதுகிறேன்.

1963 பிப்ரவரி 11. ஒரே நாள். பீட்டில்ஸ் நான்கு பேரும் லண்டன் ஸ்டூடியோவில் உட்கார்ந்து முதல் ஆல்பத்தின் பத்துப் பாடல்களைப் பதிந்து முடித்தார்கள். கடைசியாக ‘ட்விஸ்ட் அண்ட் ஷவுட்’. ஜான் லெனனுக்குச் சளி, தொண்டை கிழிந்துகொண்டிருக்கிறது. அந்தக் கிழிசலோடுதான் ரெக்கார்டில் இருக்கிறது. உங்கள் ஆபா என்ன செய்தது? பாடியதையே மறுபடி பாடவைத்து, டேப்பின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்து, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியது. பீச் பாய்ஸ் கதை இன்னும் மோசம். ‘பெட் சவுண்ட்ஸ்’ ஆல்பத்தில் பெரும்பாலும் வாசித்தது லாஸ் ஏஞ்சல்ஸின் கூலிக் கலைஞர்கள்.

பேண்ட் என்றால் தானே எழுத வேண்டும், தானே வாசிக்க வேண்டும், தானே பாட வேண்டும். மற்றதெல்லாம் கம்பெனிச் சரக்கு.

தாளக்கட்டு:
லிங்கம் ஐயா, நான் மெல்லிசைக் குழுவில் முப்பது வருஷமாக டிரம்ஸ் வாசிப்பவன், அதனால் இதைக் கொஞ்சம் அறிவேன். ‘தானே வாசிக்க வேண்டும்’ என்று சட்டம் போட்டால் முதலில் மாட்டுவது உங்கள் ஆட்கள்தான்.

முதல் ஆல்பத்தில் இருக்கும் ‘லவ் மீ டூ’வில் டிரம்ஸ் அடித்தது குழுவின் டிரம்மர் ரிங்கோ இல்லை, ஆண்டி வைட் என்ற வாடகை டிரம்மர். ரிங்கோ கையில் டாம்பரின் கொடுத்துவிட்டார்கள். ‘எலினார் ரிக்பி’யில் இருப்பது நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோ. பீட்டில்ஸ் யாரும் ஒரு கருவியைக்கூடத் தொடவில்லை, பாடினார்கள், அவ்வளவே. 1968-இல் ஜார்ஜ் ஹாரிசனின் கிட்டார் பாட்டு ஒன்றில் நாம் உருகும் அந்தத் தனி வாசிப்பு வெளியாளான எரிக் கிளாப்டனுடையது, அட்டையில் பெயர்கூடப் போடவில்லை. ‘இன் மை லைஃப்’ நடுவில் வரும் பியானோவைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் பாதி வேகத்தில் வாசித்துப் பதிந்து, முழு வேகத்தில் ஓடவிட்டார். டேப் வேகத்தில் விளையாடியது ஸ்வீடன்காரர்கள் மட்டும் இல்லை.

இதனால் பாட்டு கெட்டுப்போய்விட்டதா? எனக்கு ரிங்கோ இன்றும் குருதான். இடக்கைக்காரர், வலக்கைக்காரருக்கு அடுக்கிய கிட்டில் உட்கார்ந்து வாசித்தார். அதனால் அவருடைய உருட்டல் எல்லாம் வேறு வழியாக வந்து விழும். எங்கள் பையன்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க முயன்று தோற்றிருக்கிறேன்.

பாபிலோன் பாபு:
ஐந்து பேரில் போனி எம் எங்கே? எங்கள் தெருவில் கல்யாணம், கோயில் கொடை, கட்சிக் கூட்டத்துக்கு முந்தின மைக் டெஸ்ட், எல்லாவற்றுக்கும் ஓடியது போனி எம். ஆபா யார் என்றே எங்களுக்குத் தெரியாது.

லிவர்பூல் லிங்கம்:
வாங்க பாபு. உங்களுக்காகத்தான் ‘கம்பெனிச் சரக்கு’ என்ற சொல்லை வைத்திருந்தேன். மேடையில் குதித்து ஆடினாரே பாபி ஃபாரல், ரெக்கார்டில் அந்த ஆழமான ஆண்குரல் அவருடையது இல்லை. ஜெர்மன் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியன் பாடியது. நான்கு பேரில் மெய்சி வில்லியம்ஸும் ஸ்டூடியோவில் பாடவில்லை. பாதிப் பேர் பாடாத பாட்டுக்குழு! இதே ஃபாரியன்தான் பிற்பாடு மில்லி வனில்லி என்று இரண்டு பையன்களை வாயசைக்க நிறுத்தி, 1990-இல் அவர்கள் வாங்கிய கிராமி விருதைப் பிடுங்கிக்கொள்ளும் அளவுக்குக் கொண்டுபோய் விட்டவர்.

பாபிலோன் பாபு:
வாயசைப்பதா குற்றம்? டி.எம்.எஸ். பாடுவார், சிவாஜி வாயசைப்பார். தியேட்டரில் நாம் கண்ணீர் விடுவோம். யாராவது எழுந்து ‘இது ஏமாற்று வேலை’ என்று கத்தினார்களா? பின்னணிப் பாட்டிலேயே வளர்ந்த ஊர்க்காரர் நீங்கள், பாபி ஃபாரலை மட்டும் குறை சொல்வது எப்படி நியாயம்?

ஒரு பொடியன்:
பாபு அண்ணன் ஜெயித்துவிட்டார். திரியை மூடலாம்.

ஆல்டோ:
மூட வேண்டாம் தம்பி. உதாரணம் நன்றாக இருக்கிறது, ஆனால் நொண்டுகிறது. சிவாஜி பாடவில்லை என்பது சீட்டு வாங்கியவர் எல்லோருக்கும் தெரியும். ரெக்கார்டு அட்டையில் டி.எம்.எஸ். பெயர் இருக்கும், வானொலியில் அவர் பெயரைச் சொல்லித்தான் பாட்டைப் போடுவார்கள். வாயசைத்ததில் தப்பில்லை பாபு, பாடியவர் பெயரை மறைத்ததுதான் தப்பு.

ஆனால் லிங்கம் அண்ணன் போனி எம்மை மொத்தமாகத் தூக்கிப் போட்டதும் சரியில்லை. லிஸ் மிட்செல், மார்சியா பாரெட் இருவரும் உண்மையாகவே பாடியவர்கள். நான் சர்ச் பாடகர் குழுவில் ஆல்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல், பாடுகிறேன். ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ எங்களுக்கு 137-ஆம் சங்கீதம்: “பாபிலோன் ஆறுகள் அருகே நாங்கள் உட்கார்ந்து, அங்கே சீயோனை நினைத்து அழுதோம்.” ஜமைக்காவில் மெலோடியன்ஸ் என்ற குழு 1970-இல் பாடியதை 1978-இல் இவர்கள் எடுத்துப் பாடினார்கள். சிறைபிடிக்கப்பட்டுப் போனவர்களின் அழுகைப் பாட்டுக்கு நம் ஊர்க் கல்யாணத்தில் ஆட்டம் போட்டோம் என்று பிறகுதான் உறைத்தது. கைதட்ட வைக்கும் தாளம், உள்ளே லிஸ் மிட்செலின் குரலில் ஒரு ஏக்கம். அது ஃபாரியன் தயாரித்துக் கொடுத்த ஏக்கம் இல்லை.

அப்புறம், கேசட்காரரே, உங்கள் பட்டியலில் எனக்கும் சண்டை இருக்கிறது. பீச் பாய்ஸ் ஏன் முதலிடத்தில் இல்லை?

கேசட்காரன்:
அக்கா, அலைச்சறுக்கு, கார், கடற்கரை என்று ஆரம்பப் பாட்டெல்லாம் எனக்கு ஒட்டவில்லை. பாடியவர்களிலேயே உருப்படியாக அலைச்சறுக்கு தெரிந்தவர் டிரம்மர் டென்னிஸ் வில்சன் ஒருவர்தான். 1966-லிருந்து வந்த பீச் பாய்ஸுக்காக மட்டும் இரண்டாம் இடம் கொடுத்தேன்.

ஆல்டோ:
அந்த 1966 ஒன்று போதும் என்பதுதான் என் கட்சி.

அந்த வருஷத்து ‘பெட் சவுண்ட்ஸில்’ வரும் ‘காட் ஒன்லி நோஸ்’ பாட்டை எங்கள் குழுவில் ஒருமுறை பழகிப் பார்த்தோம். ஆர்கன் வாசிப்பவர் முதல் நாளே கையை விரித்துவிட்டார். இது எந்தச் சுருதியில் நிற்கிறது என்றே பிடிபடவில்லை என்றார். வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று காது நினைக்கும்போதெல்லாம் பேஸ் வேறு சுரத்தில் நிற்கும், நாம் இன்னும் வாசலிலேயே நிற்போம். ஒருவர் தொடங்க மற்றவர் பின்னால் வந்து சேரும் கடைசிச் சுற்று இருக்கிறதே, அதைச் சரியாகப் பாட எங்களுக்கு ஆறு வாரம் ஆயிற்று. ஒரே ஒரு தடவைதான் சரியாக வந்தது. அதுவும் ஒத்திகையில், கேட்க ஆளில்லாமல்.

பாடிய கார்ல் வில்சனுக்கு அப்போது 19 வயது. அமைத்த அண்ணன் பிரையனுக்கு 23, வலது காது ஏறக்குறைய கேட்காது. நாம் ஸ்டீரியோவில் கேட்டு ரசிப்பதை அவர் அப்படிக் கேட்டதே இல்லை. ஆம், வாசித்தவர்கள் வெளியாட்கள்தான். ஹால் பிளெய்ன் டிரம்ஸ், கரோல் கே பேஸ் கிட்டார். ஆனால் யார் எங்கே எதை வாசிக்க வேண்டும் என்பது முழுக்க பிரையன் தலைக்குள் இருந்து வந்தது. கல்லைச் சுமந்தவர் யார் என்று கேட்டுக் கோயிலின் சிற்பி யார் என்று முடிவு செய்வீர்களா, லிங்கம் அண்ணே? இந்தப் பாட்டைத் தனக்கு மிகப் பிடித்தது என்று சொன்னவர் உங்கள் பால் மெக்கார்ட்னிதான். 2025 ஜூனில் பிரையன் போன அன்று இதைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன்.

லிவர்பூல் லிங்கம்:
சிற்பி உதாரணத்துக்குப் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ‘பெட் சவுண்ட்ஸை’ விட்டுவிடுகிறேன், அது நல்ல ஆல்பம். பீ ஜீஸை விடமாட்டேன். ‘ஸ்டேயின் அலைவ்’ பாட்டில் டிரம்ஸ் வாசித்தது மனிதனே இல்லை, ஒரு துண்டு டேப்.

தாளக்கட்டு:
ஐயா, அந்தத் துண்டு டேப்பைப் பற்றி எதிலாவது படித்தீர்களா, இல்லை திட்டுவதற்காகச் சொன்னீர்களா? பிரான்ஸில் ஒரு பழைய மாளிகை ஸ்டூடியோவில் பதிவு. நடுவில் டிரம்மர் டென்னிஸ் பிரையன் வீட்டு விஷயமாக ஊருக்குப் போக வேண்டியதாகிவிட்டது. ‘நைட் ஃபீவர்’ பாட்டுக்கு அவர் ஏற்கெனவே வாசித்ததிலிருந்து இரண்டு ஆவர்த்தனத்தை, அதாவது இரண்டு பாரை, வெட்டி ஒட்டி வளையமாக்கிச் சுற்றவிட்டார்கள். அட்டையில் ‘பெர்னார்ட் லூப்’ என்று இல்லாத ஒருவர் பெயரைப் போட்டார்கள். மனிதன் வாசித்ததுதான் அது, ஆனால் களைக்காமல், ஓடாமல், பின்தங்காமல். நிமிஷத்துக்கு நூற்றுச் சொச்சம் தட்டு, அதனால்தான் நின்றுபோன நெஞ்சை அழுத்தக் கற்றுக்கொடுப்பவர்கள் இந்தப் பாட்டை மனதில் ஓடவிடச் சொல்கிறார்கள். கேலி செய்ய நினைத்தால் நிச்சயம் செய்யலாம். ஆனால் இன்று தம்பி பொடியன் கேட்கிற பாட்டில் பாதி இந்த வழியில்தான் செய்யப்படுகிறது.

ஒரு பொடியன்:
பாதி இல்லை அண்ணே, முழுக்க. அதனால்தான் எனக்கு இந்தச் சண்டையே புரியவில்லை. ஒரு சந்தேகம்: மங்கீஸ் எந்தக் கணக்கு? டிவி தொடருக்காக ஆள் பொறுக்கிச் சேர்த்த குழு. அப்புறம் சண்டை போட்டு உரிமை வாங்கி, 1967-இல் தாங்களே வாசித்து ஒரு ஆல்பம் போட்டார்கள். லிங்கம் ஐயா சட்டப்படி அவர்கள் முதல் வருஷம் கம்பெனிச் சரக்கு, இரண்டாம் வருஷம் பேண்டா?

லிவர்பூல் லிங்கம்:
அந்த ஆல்பம் அமெரிக்காவில் ஒரு வாரம் முதலிடத்தில் இருந்தது. அடுத்த வாரம் பீட்டில்ஸின் ‘சார்ஜென்ட் பெப்பர்’ வந்து இறக்கியது. அதற்கு மேல் நான் எதுவும் சொல்லத் தேவையில்லை.

ஆபாவுக்கு வருகிறேன். 1974-இல் பிரைட்டனில் ஐரோப்பிய நாடுகளின் யூரோவிஷன் பாட்டுப் போட்டியில் ‘வாட்டர்லூ’ பாடி ஜெயித்தபோது பிரிட்டன் நடுவர்கள் அவர்களுக்குக் கொடுத்த புள்ளி பூஜ்யம். காது உள்ள தேசம்.

கேசட்காரன்:
அதே தேசம் அதற்குப் பிறகு அந்தப் பாட்டை முதலிடத்தில் ஏற்றி வைத்ததைச் சொல்ல மறந்துவிட்டீர்கள் ஐயா.

என் முதலிடத்துக்குக் காரணம் ஒரே ஒரு பாட்டு. ‘தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்’, 1980. ஆபாவின் பியோர்னும் அக்னெத்தாவும் கணவன் மனைவி, பிரிந்துவிட்டார்கள். பிரிவைப் பற்றிய பாட்டை எழுதுகிறார் கணவர், பாடுவது அந்த மனைவி. இது எங்கள் விவாகரத்துக் கதை இல்லை என்று அவர் பிற்பாடு சொன்னார். இருக்கட்டும். விட்டுப்போனவனிடம் தோற்றவள் பேசுவதாக வரும் வரிகளை அவன் எழுதிக் கொடுக்க, இவள் மைக் முன்னால் நிற்கிறாள். அந்தக் கடைசிச் சரணத்தில் குரல் உடைவதற்கு அரை விரற்கடை முன்னால் பிடித்து நிறுத்துகிறாள். உங்கள் லெனனின் கிழிந்த தொண்டை நிஜம் என்றால் இதுவும் நிஜம்தான். பத்து அடுக்கு டேப் போட்டு மூடினாலும் கேட்கிறது.

என் கேசட்டில் அந்தப் பாட்டு முதல் பக்கத்தின் கடைசி. டேப் போதாமல் நடுவிலேயே அறுந்துவிடும். முழுப் பாட்டைப் பல வருஷம் கழித்து சிடியில்தான் கேட்டேன். அதுவரை அவள் பாதியில் பேச்சை நிறுத்திக்கொண்டாள் என்றே நினைத்திருந்தேன். இப்போதும் அந்த இடம் வந்தால் என் கை தானாகக் கேசட்டைத் திருப்பிப் போடப் போகிறது.

ஆல்டோ:
நாலாவது இடத்தில் கேரன் கார்ப்பென்டர் இருக்கிறாரே, அவரைப் பற்றி யாரும் ஒரு வரி எழுதவில்லை. முதலில் டிரம்மர், பிறகுதான் பாடகி. அவ்வளவு தாழ்ந்த குரலில் ஒரு பெண் பாடலாம் என்று எனக்கு தைரியம் வந்ததே அவரால்தான். 32 வயதில் போய்விட்டார். சரி, சண்டையைத் தொடருங்கள்.

லிவர்பூல் லிங்கம்:
நேற்று ராத்திரி எல்லோரும் தூங்கியபின் கேசட்காரர் சொன்ன பாட்டைக் கேட்டேன். மூன்று முறை. பாட்டில் குறையில்லை. பட்டியல் தப்புதான், அதில் மாற்றமில்லை.

கேசட்காரன்:
மூன்று முறையா!

லிவர்பூல் லிங்கம்:
ஹெட்ஃபோன் புதுசு. சோதித்துப் பார்த்தேன்.

தாளக்கட்டு:
இடையில் ஒரு வேலை விஷயம். வரும் ஞாயிறு ஒரு கல்யாண வரவேற்பில் வாசிக்கிறோம். மாப்பிள்ளை கேட்டிருக்கும் ஒரே இங்கிலீஷ் பாட்டு போனி எம்மின் ‘ராஸ்புடின்’. அந்தக் கனத்த குரலை எங்கள் கீபோர்டுக்காரர் திரைக்குப் பின்னால் இருந்து சமாளித்துவிடுவார். முன்னால் நின்று ஆடி வாயசைக்க ஆள் வேண்டும். லிங்கம் ஐயா, வருகிறீர்களா?

லிவர்பூல் லிங்கம்:
நடுவில் ஒரு பீட்டில்ஸ் பாட்டு வாசித்தால் வருகிறேன். அதை நானே பாடுவேன்.