42,000 ரூபாய் மாருதி 800: இன்ஜினை இறக்கலாமா, வேண்டாமா?

ஈரோட்டுக்காரன்:
வணக்கம். போன மாதம் 1998 மாடல் மாருதி 800 ஒன்றை 42,000 ரூபாய்க்கு வாங்கினேன். கார்புரேட்டர் வண்டி, நாலு கியர். ஆர்.சி. 2028 வரை புதுப்பித்திருக்கிறது. மீட்டர் 96,000 காட்டுகிறது, நான் நம்பவில்லை.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை குப்பென்று வரும், ஒரு நிமிடத்தில் நின்றுவிடும். ஐட்லிங்கில் வண்டியே நடுங்குகிறது. மேடு ஏறினால் இரண்டாவது கியர் கேட்கிறது. 500 கி.மீ.க்குக் கால் லிட்டர் ஆயில் குறைகிறது.

இங்கே ஒரு மெக்கானிக் சைலன்சருக்குள் விரலை விட்டுக் கரியைக் காட்டி, "பிஸ்டன் ரிங் போச்சு சார், இன்ஜினை இறக்கி சிலிண்டரைக் கடைகிற போரிங், பிஸ்டன், பேரிங் எல்லாம் போட்டால் 34,000" என்கிறார். வண்டி விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. செய்யலாமா?

சும்மா_ஒரு_கருத்து:
வந்த விலைக்குத் தள்ளிவிடுங்க பாஸ்.

லேத்_பட்டறை:
தம்பி, 35 வருஷமா போரிங் போடுகிற ஆள் சொல்கிறேன், சைலன்சரில் விரலை விட்டுப் பார்த்து ரிங் போச்சு என்று சொல்ல முடியாது. கார்புரேட்டரில் பெட்ரோல் கூடுதலாகப் போனாலும் அதே கரிதான்.

பிஸ்டனைச் சுற்றி இருக்கிற ரிங்தான் ஆயில் மேலே ஏறாமல் தடுக்கிறது. அது போன வண்டி காலையில் மட்டும் புகைக்காது. ஆக்சிலேட்டரை மிதிக்கிற போதெல்லாம் பின்னால் வருகிறவன் திட்டுகிற அளவுக்குப் புகைக்கும். ராத்திரி நின்று காலையில் ஒரு குப்பு, அப்புறம் சுத்தம் என்றால் வால்வ் தண்டைச் சுற்றியிருக்கிற ரப்பர் சீல் இறுகிப்போய் ஆயில் கீழே வடிகிறது. ஐட்லிங்கில் ஆயில் மூடியைத் திறந்து பார். புசு புசுவென்று புகை அடித்தால் ரிங்கைச் சந்தேகப்படலாம்.

சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கிற கம்ப்ரஷன் கேஜ் வைத்திருக்கிறவரிடம் போ. மூன்று பிளக்கையும் கழற்றி, ஆக்சிலேட்டரை முழுக்க மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்று. பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். அளவைக் குறித்துக்கொண்டு, பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி எடு. ஆயில் விட்டதும் நன்றாக ஏறினால் ரிங், அப்படியே நின்றால் வால்வ். பக்கத்துப் பக்கத்து சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் இன்ஜின் தலைக்கு (ஹெட்) அடியில் இருக்கிற கேஸ்கெட்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை. கால் மிதியடியைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூ டிரைவரால் தரையைக் குத்திப் பார். ஜாக் வைக்கிற இடத்தையும் குத்து. உள்ளே இறங்கினால் இன்ஜினுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதே. இன்ஜினை எங்கள் பட்டறையில் புதுசாக்கலாம், துருப்பிடித்த பாடிக்கு ஒட்டுப்போட்டு மாளாது.

கோவை_ஸ்டியரிங்:
பழைய மார்க்கெட்டில் இதே இன்ஜின் முழுசாகக் கிடைக்குமே, மாற்றிவிடலாமே?

லேத்_பட்டறை:
கிடைக்கும். ஆனால் ஆர்.சி.யில் இருக்கிற இன்ஜின் நம்பர் வேறு, ஆர்.டி.ஓ.வில் மாற்ற பில்லோடு அலைய வேண்டும். அதுபோக, அந்த இன்ஜின் ஏன் அங்கே வந்தது என்று யாருக்குத் தெரியும்? அடுத்தவர் வயிற்றுவலியைக் காசு கொடுத்து வாங்குகிற கதை.

ஈரோட்டுக்காரன்:
பார்த்துவிட்டேன் அண்ணே. டிரைவர் பக்கம் மேலோட்டமாகத் துரு, குத்தினால் இறங்கவில்லை. ஆயில் மூடியில் புகை அடிக்கவில்லை. கம்ப்ரஷன் அளவு (psi):

முதல் சிலிண்டர் 160, இரண்டாவது 90, மூன்றாவது 155.
ஆயில் விட்ட பிறகு 175, 95, 170.

இன்னொன்று, டிக்கியில் நாலு போல்ட் ஓட்டை இருக்கிறது. முன்னால் கேஸ் சிலிண்டர் வைத்திருந்தார்கள் போல.

லேத்_பட்டறை:
இரண்டாவது சிலிண்டர் ஆயில் விட்டும் ஏறவில்லை, அப்படியென்றால் வால்வ். கேஸ் சமாச்சாரத்தை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! கேஸில் ஓடிய வண்டியில், புகையை வெளியே விடுகிற எக்ஸாஸ்ட் வால்வ் உட்காருகிற சீட் தேயும். தேயத் தேய வால்வ் மேலே ஏறி, அதை அமுக்குகிற டாப்பெட்டுக்கு இருக்க வேண்டிய இடைவெளி அடைபடும். யாரும் டாப்பெட் வைக்காமல், அதாவது அந்த இடைவெளியைச் சரிசெய்யாமல் விட்டால் வால்வ் முழுதாக மூடாது. மூடாத வால்வ் சூடு தாங்காமல் எரிந்துவிடும்.

உறுதியாக வேண்டுமா? இரண்டாவது பிஸ்டனைக் கம்ப்ரஷனில் உச்சிக்குக் கொண்டுவந்து, கியரில் போட்டு நிறுத்தி, பஞ்சர் கடைக் கம்ப்ரசர் காற்றைப் பிளக் ஓட்டையில் விடு. சைலன்சரில் 'உஸ்' என்று கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வ், கார்புரேட்டரில் கேட்டால் இன்டேக், ஆயில் மூடியில் கேட்டால் ரிங்.

ஈரோட்டுக்காரன்:
சைலன்சரில் கேட்டது. ஹெட்டை மட்டும் இறக்கினோம், இன்ஜின் வண்டியிலேயே இருக்கிறது. இரண்டாவது எக்ஸாஸ்ட் வால்வ் விளிம்பு, எலி கடித்த முறுக்கு மாதிரி. சிலிண்டர் சுவரின் மேல் ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், தேய்ந்த படி எதுவும் தட்டவில்லை. மெக்கானிக் (இவர் வேறொருவர்) ஹெட் மேல் ஸ்கேல் வைத்துப் பார்த்தார், கோணல் இல்லை.

வால்வ், சீட் கட்டிங், ஆறு சீல், கேஸ்கெட், கையோடு டைமிங் பெல்ட், கூலி எல்லாம் சேர்த்து 9,400. இன்று காலை ஸ்டார்ட்டில் புகையே இல்லை. பெருந்துறை மேட்டை மூன்றாவது கியரிலேயே ஏறியது.

சும்மா_ஒரு_கருத்து:
விற்கிறதா இருந்தா சொல்லுங்க.

லேத்_பட்டறை:
ஆயில் குறைவதை இன்னும் இரண்டு மாதம் ஆயில் கம்பியில் பார்த்து எழுதிவை. 1,000 கி.மீ. ஓடியதும் இன்ஜின் ஆறியிருக்கும்போது டாப்பெட் வைத்துக்கொள். சீட் புதுசாக வெட்டியது, கொஞ்சம் அமரும்.

ஈரோட்டுக்காரன்:
சரி அண்ணே. டேஷ்போர்டில் சீட்டு ஒட்டிவிட்டேன்.