ரப்பர் லூருக்கு ஸ்பின்னிங்கா, பெயிட்காஸ்டரா? வீசிப் பார்த்தவிங்க சொல்லுங்க

கீழ்பவானிக்காரன்
வணக்கமுங்க. ஊர் கோபி பக்கம். சின்ன வயசுலருந்து மூங்கில் குச்சி, நரம்பு, தக்கை, மண்புழு, அவ்வளவுதான். இப்பத்தான் ரப்பர் மீன், ரப்பர் தவளைன்னு லூர், அதாவது போலி இரை மேல ஆசை வந்திருக்குது. கைல ஒரு பழைய ஸ்பின்னிங் செட் (தூண்டில் ராடும், நரம்பு சுத்தற ரீலும்) இருக்குது. பெயிட்காஸ்டர்ங்கறது இன்னொரு வகை ரீலு. கடைக்காரர் "லூருன்னா பெயிட்காஸ்டர்தான்"ங்கறார். கூட்டாளி "அதுல சிக்கு எடுக்கறதுக்குள்ள பொழுது எறங்கிரும்"ங்கறான். ரெண்டையும் வெச்சு வீசுனவிங்க அனுபவத்தைச் சொன்னா நல்லாருக்கும்.

ஆத்தங்கரை
நான் ஸ்பின்னிங் கட்சிங்க. கொடுமுடிப் பக்கம் காவிரியில வாளைக்கு வீசறேன். போடறது மூணு இஞ்சு ரப்பர் மீனு, 4 கிராம் ஜிக் ஹெட்டு (தலையில எடை வெச்ச முள்ளு). எல்லாஞ் சேர்த்தா 8 கிராமைத் தாண்டாது. ஸ்பின்னிங்ல ஸ்பூல் (நரம்பு சுத்தியிருக்கற உருளை) அசையாம நிக்குது, நரம்பு சுருள் சுருளா தானாக் கழண்டு போகுது. எடை கம்மியா இருந்தாலும் தூரம் போயிரும். பெயிட்காஸ்டர்ல அப்படியில்ல, லூர்தான் ஸ்பூலையே சுத்த வைக்கோணும். 8 கிராமுக்கு அந்தத் தெம்பு ஏது? லேசான லூருக்குன்னே தனியா பெயிட்காஸ்டர் விக்கறாங்க, ஸ்பூல் சன்னமா இருக்கும், நல்லாவும் வேலை செய்யுது. ஆனா விலையைக் கேட்டா தொண்டையில முள்ளு மாட்டுன மாதிரி இருக்கும்.

இன்னொண்ணு. ரப்பர் மீனை நிறைய தடவை அது கீழ எறங்கறப்பத்தான் கவ்வுது. பாறை ஓரத்துல விழுந்ததும் பெயிலை (ரீல்ல நரம்பைப் புடிக்கற கம்பி வளைவு) மூடாம கொஞ்சம் நரம்பு விட்டுப் பாருங்க, நேரா எறங்கும். உடனே மூடிட்டா நம்ம பக்கமாச் சாஞ்சு வந்து பாறையை விட்டு விலகிரும். 2500 சைஸ் ரீல், 10 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு), முன்னாடி ரெண்டு முழம் உரசல் தாங்கற ஃபுளோரோகார்பன் நரம்பு. பிரெய்டு பாறையில உரசுனா சட்டுனு அறுந்துரும், அந்த ரெண்டு முழத்துல கஞ்சத்தனம் வேண்டாம்.

ஸ்பின்னிங்கோட வியாதி முறுக்குதான். பெயிலைக் கைப்பிடி சுத்தி மூடாதீங்க, கையால மூடுங்க. ரப்பரை முள்ளுல கோணலா ஏத்துனா தண்ணிக்குள்ள சுழண்டு சுழண்டு முறுக்கேத்திரும். நேரா ஏறுச்சான்னு கரையோரத்துல ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்துட்டு வீசுங்க.

தாமரைக்குளத்தான்
ஆத்துக்கு நீங்க சொல்றது சரிங்ணா. எங்க குளத்துக்கு வந்து அந்த 10 பவுண்டு பிரெய்டை வீசுங்க பார்க்கலாம்!

பெருந்துறைப் பக்கம் எங்களுக்குத் தாமரையும் ஆகாயத்தாமரையும் தண்ணியே தெரியாம மூடிக் கெடக்கும். நடுவுல சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு எடம் தெளிஞ்சிருக்கும். விரால் காத்து குடிக்க மேல வந்தே ஆகோணும், அந்த மாதிரி எடத்துலதான் வரும். தவளை அங்க விழோணும், சத்தமில்லாம விழோணும். பெயிட்காஸ்டர்ல கட்டை விரல் ஸ்பூல் மேலயே இருக்குதுங்களா, லூர் பறக்கறப்பவே லேசா அமுக்கி வேகத்தைக் குறைச்சு, நெனச்ச எடத்துல எறக்கலாம். ஸ்பின்னிங்லயும் ஆள்காட்டி விரலால ஸ்பூல் விளிம்பைத் தொட்டு நிறுத்தலாம், ஆனா இந்தத் துல்லியம் எனக்கு அதுல வந்ததில்ல.

அடுத்தது இழுப்பு. விரால் கவ்வுனதும் தண்டுக்குள்ள பூந்து சுத்திக்கும். ஆட்டம் காட்டி அலுக்க வைக்கற கதையெல்லாம் அங்க ஆகாது, தலையைத் திருப்பி இலை மேலயே இழுத்துட்டு வரோணும். 15 கிராம் தவளை, 50 பவுண்டு பிரெய்டு, மீடியம் ஹெவி ராடு. அதுக்கு பெயிட்காஸ்டர்தான் கட்டி. 4000 சைஸ் ஸ்பின்னிங்ல இழுக்கற ஆளுகளும் இருக்காங்க, இல்லைங்கல. பாதி நாள் கழிச்சு அவிங்க மணிக்கட்டைக் கேளுங்க.

குருவிக்கூடு (ஸ்பூல்ல நரம்பு சிக்கிக்கறது) விழுகுதுன்னு பயப்படறவிங்க பெரும்பாலும் ரீலை அமைக்காமயே வீசறாங்க. லூரைக் கட்டி ராடு நுனியில தொங்க விட்டு, கைப்பிடிப் பக்கத்துல இருக்கற திருகை மெல்லத் தளர்த்துங்க. லூர் மெதுவா எறங்கி, தரையைத் தொட்டதும் ஸ்பூல் நின்னுரோணும். பிரேக்கை முதல்ல முழுசா வெச்சுட்டு, கை பழகப் பழகக் குறைங்க. லூர் எடை மாறுனா திருகையும் மாத்தோணும். பழகறப்ப பிரெய்டு வேண்டாம், சாதா நரம்பு போதும், சிக்கு எடுக்க சுலபம். பொறகு பிரெய்டு ஏத்தறப்ப அடியில கொஞ்சம் சாதா நரம்பைச் சுத்திட்டு ஏத்துங்க, இல்லைன்னா மொத்தப் பிரெய்டும் ஸ்பூல்ல வழுக்கிட்டுச் சுத்தும்.

சம்பந்தமில்லாம ஒண்ணு சொல்லிக்கறேன். செவப்புக் குஞ்சுக் கூட்டத்துக்குக் கீழ காவல் நிக்கற விராலை அடிக்காதீங்க. அது பசிக்குக் கடிக்கறதில்ல, தவளையைத் தொரத்தறதுக்குக் கடிக்குது. அதைத் தூக்கிட்டா குஞ்சு பூராவும் மத்த மீனுக்கு இரை. வீடியோவுக்காக இதைப் பண்றவிங்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

உடுமலையான்
காத்தைப் பத்தி யாருமே பேசல! பாலக்காட்டுக் கணவாய்க் காத்து ஆனி ஆடியில எங்க பக்கம் வந்து பார்த்தீங்கன்னா இந்தச் சண்டையே வராது. எதிர்காத்துல பெயிட்காஸ்டரை வீசுனா, காத்து லூரைப் புடிச்சு நிறுத்திரும், ஸ்பூல் மட்டும் சுத்திட்டே இருக்கும். மிச்சத்தைக் கத்தரிக்கோல்தான் பார்த்துக்கோணும். பிரேக்கை ரெண்டு படி ஏத்தி, தாழ வீசுனா ஓரளவு சமாளிக்கலாம்.

ஸ்பின்னிங்ல குருவிக்கூடு கம்மி, ஆனா நரம்பு வில்லாட்டம் வளைஞ்சு நிக்கும், கடிக்கறது கைக்கே தெரியாது. ராடு நுனியைத் தண்ணிகிட்டக் கொண்டு போயி, ஜிக் ஹெட்டை 7 கிராம் 10 கிராம்னு ஏத்திக்கோணும். ஆடியில எனக்கு ஸ்பின்னிங். காத்து அடங்குன மாசத்துல எதுன்னாலும் சரி.

அமராவதி அணைக்குப் போறவிங்க லூர் மாட்டிக்கிச்சுன்னு தண்ணிக்குள்ள எறங்காதீங்க, முதலை இருக்குது. அணைகள்ல அனுமதி வாங்காம வீசக் கூடாது. ஊர்க் குளம்னா குத்தகைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுருங்க. வெள்ளோடு குளம் பறவைகள் சரணாலயம், அங்க ராடையே எடுக்காதீங்க.

நொய்யல் நண்டு
எந்த ரீலோ வாங்குங்க, ரப்பர் லூரை மட்டும் வெயில்ல நிக்கற கார்ல விடாதீங்க. டப்பாவோட ஒட்டிக் கூழாயிரும்.

கீழ்பவானிக்காரன்
ரொம்ப நன்றிங்க எல்லாத்துக்கும். எனக்கு வாய்க்காலும் இருக்குது, பக்கத்துல தாமரை மூடுன குளமும் இருக்குது. பழைய ராடுலயே பெயிட்காஸ்டர் ரீலை மாட்டிக்கலாங்களா?

தாமரைக்குளத்தான்
வேண்டாமுங்க. ஸ்பின்னிங் ராடுல வளையம் கீழ் பக்கம், முதல் வளையம் பெருசு. பெயிட்காஸ்டர் ராடுல வளையம் சின்னது, மேல் பக்கம், புடியில விரல் மாட்ட ஒரு கொக்கி இருக்கும். மாத்தி மாட்டுனா ரெண்டும் கெட்டுது. வாங்குனா ராடும் சேர்த்துத்தான்.

ஆத்தங்கரை
வாய்க்காலுக்குப் பழைய ஸ்பின்னிங்கே போதும், நரம்பை மட்டும் புதுசா மாத்துங்க. குளத்துக்கு பெயிட்காஸ்டர் எடுக்கறப்ப கைப்பிடி எந்தப் பக்கம்னு பார்த்து வாங்குங்க. ஸ்பின்னிங்ல கழட்டி எதிர்ப்பக்கம் மாட்டிக்கலாம், இதுல முடியாது.