பால் போதவில்லை என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள், கணவனாக நான் என்ன செய்யலாம்?

புது_அப்பா:

எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டாவது வாரம் நடக்கிறது. சிசேரியன். தாய்ப்பால்தான் கொடுக்க வேண்டும் என்று மனைவி உறுதியாக இருக்கிறாள். ஆனால் சாயங்காலம் ஆகிவிட்டால் குழந்தை விடாமல் அழுகிறது, மார்பில் போட்டால் கொஞ்சம் குடித்துவிட்டுத் தூங்கும், படுக்கையில் போட்டதும் மறுபடி அழும், இப்படியே ராத்திரி வரை போகிறது. பார்க்க வருகிற எல்லோரும் "பால் பத்தலை போல, ஒரு புட்டி கொடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள், அவர்கள் போன பிறகு இவள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். காம்பில் வெடிப்பு வேறு. நேற்று குழந்தையைக் கையில் வாங்கும்போதே பல்லைக் கடித்துக்கொண்டு கண்ணை மூடினாள், அதைப் பார்த்ததிலிருந்து எனக்கு மனசே சரியில்லை. பால் பவுடர் வாங்கி வைக்கலாமா, இல்லை அதை வாங்கி வந்தாலே "உன்னால் முடியவில்லை" என்று நானும் சொன்னது போல ஆகிவிடுமா? பால் போதுகிறதா இல்லையா என்று வீட்டிலேயே தெரிந்துகொள்ள வழி உண்டா?

பிரசவ_வார்டு_நர்ஸ்:

தம்பி, முதலில் அழுகையை வைத்துப் பாலை அளக்காதீர்கள். இந்த வயதில் சாயங்காலம் அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிப்பதும் அழுவதும் நல்ல ஆரோக்கியமான குழந்தைகளும் செய்வதுதான், கிளஸ்டர் ஃபீடிங் என்பார்கள். மார்பு மெத்தென்று இருக்கிறது, பிழிந்தால் கொஞ்சம்தான் வருகிறது, இதெல்லாம்கூட அளவுகோல் இல்லை. குழந்தை உறிஞ்சி எடுப்பது போலக் கையோ பம்ப்போ எடுக்காது.

பார்க்க வேண்டியது டயப்பரைத்தான். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் குறைந்தது 6 தடவையாவது நன்றாக நனைந்திருக்க வேண்டும், சிறுநீர் வெளிர் நிறமாக இருக்க வேண்டும், பிறந்ததும் வரும் கறுப்பு மலம் போய் மஞ்சளாகத் தளர்வாக வர ஆரம்பித்திருக்க வேண்டும். அப்புறம் எடை. முதல் சில நாட்களில் பிறந்த எடையில் 7 சதவீதம் வரை குறைவது சாதாரணம், 10 சதவீதத்தைத் தொட்டால் டாக்டர் உடனே பார்க்க வேண்டும், இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலான குழந்தைகள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். வீட்டுத் தராசை நம்ப வேண்டாம், ஆஸ்பத்திரியிலோ சுகாதார மையத்திலோ ஒரே தராசில் போட்டுப் பாருங்கள்.

ஆனால் உங்கள் பதிவில் என்னை உறுத்துவது அந்த வெடிப்புதான். முதல் சில நொடி சுருக்கென்று இருக்கலாம், குடிக்கிற நேரம் முழுக்க வலித்தால் குழந்தை சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம், வலியைத் தாங்கிக்கொள்வது அதற்கு வைத்தியம் ஆகாது. காம்பை மட்டும் பிடித்தால் பாலும் குறைவாகத்தான் போகும், அதனால் குழந்தை மறுபடி மறுபடி கேட்கும். வாய் கொட்டாவி விடுவது போல அகலத் திறக்க வேண்டும், முகவாய் மார்பில் அழுந்தியிருக்க வேண்டும், கீழ் உதடு வெளிப்பக்கம் மடங்கியிருக்க வேண்டும், காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் கீழ்ப்பக்கத்தைவிட மேல்பக்கம் அதிகம் தெரிய வேண்டும். சிசேரியன் என்பதால் தையலில் குழந்தை படாத மாதிரி பக்கவாட்டில், கைக்குக் கீழே, கால் அம்மாவின் முதுகுப்பக்கம் போகிற மாதிரி பிடித்துப் பாருங்கள். அங்கேதான் உங்கள் வேலை வருகிறது. அவருக்குக் குனிந்து பார்க்க முடியாது, நீங்கள் எதிரே உட்கார்ந்து உதட்டைப் பார்த்துச் சொல்லலாம், தலையணையைச் சரி செய்யலாம். சரியாகப் பிடிக்கவில்லை என்றால் இழுக்காமல் சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டு எடுத்துவிட்டு மறுபடி வைக்கச் சொல்லுங்கள். பாலூட்டும் ஆலோசகர் ஒருவர் ஒரு முழுத் தடவை குடிப்பதை நேரில் பார்த்தால் இன்னும் நல்லது. குழந்தையின் நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுவார்.

ரெண்டு_பேருக்கு_அம்மா:

நர்ஸ் அக்கா சொன்னதோடு நான் ஒன்று சேர்க்கிறேன் தம்பி. "பால் பத்தலை" என்று சொல்கிறவர்களை உங்கள் மனைவி எதிர்கொள்ளக் கூடாது, நீங்கள்தான் எதிர்கொள்ள வேண்டும். பச்சை உடம்போடு, தூக்கம் இல்லாமல் இருக்கிறவளுக்கு அந்த ஒரு வார்த்தை எவ்வளவு கனம் என்று சொல்கிறவர்களுக்குத் தெரியாது. வலியும் மனக்கலக்கமும் இருந்தால் பால் இறங்குவதே தாமதமாகும், அது உடம்பின் வேலை. ஆகவே வருகிறவர்களைக் கொஞ்ச நாள் குறைத்துக்கொள்ளுங்கள். வந்தால் குழந்தையைக் கொஞ்சுவதற்குப் பதிலாகப் பாத்திரம் கழுவித் தரட்டும், துணி மடிக்கட்டும்.

ராத்திரி என் கணவர் செய்தது இதுதான். குழந்தை முழிக்க ஆரம்பிக்கும்போதே, கையைச் சப்பத் தொடங்கும்போதே, அழும் வரை விடாமல் அவர் எடுத்து டயப்பர் மாற்றி என்னிடம் தருவார், நான் கொடுத்து முடித்ததும் வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் எடுக்க வைத்து மல்லாக்கப் படுக்க வைப்பார். எனக்குக் கொடுக்கிற வேலை மட்டும். சோபாவில் உட்கார்ந்து கொடுக்கும்போது அம்மா அசந்து தூங்கிவிடுவது குழந்தைக்கு ரொம்ப ஆபத்து, அதனால் கூட ஒருவர் முழித்திருப்பது சும்மா துணைக்கு மட்டும் இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீரும் ஏதாவது சாப்பிடுவதற்கும் வையுங்கள். ராத்திரி நீங்களே புட்டி கொடுத்து அவரை முழுசாகத் தூங்க விடலாம் என்று தோன்றும், ஆனால் பால் சுரக்க வைக்கிற ஹார்மோன் ராத்திரியில்தான் அதிகம், இந்த வாரங்களில் ராத்திரிப் பாலை மொத்தமாக விட்டால் பகலிலும் குறையும்.

மழைக்காலம்:

நான் கொஞ்சம் வேறு பக்கத்திலிருந்து சொல்கிறேன். எனக்கு நல்ல உதவி கிடைத்தும் பால் முழுசாக வரவில்லை, பவுடர் பாலும் சேர்த்துத்தான் என் மகன் வளர்ந்தான், நன்றாக இருக்கிறான். எடை ஏறவில்லை, டாக்டர் கொடுக்கச் சொல்கிறார் என்றால் ஒரு நிமிடம்கூடத் தயங்க வேண்டாம், முதலில் குழந்தையின் வயிறு நிறைய வேண்டும். வாங்கி வைப்பதா என்ற கேள்விக்கு, அவரைக் கேட்காமல் வாங்காதீர்கள், அவ்வளவுதான். முடிவு அவருடையதாக இருந்தால் அது தோல்வியாகத் தெரியாது.

கொடுக்க வேண்டி வந்தால் சரியாகக் கலக்க வேண்டும், அதைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை என்பது என் கோபம். கொதிக்க வைத்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்கு முன்பே பவுடரைச் சேர்க்க வேண்டும், ஏனென்றால் பவுடரிலும் கிருமி இருக்கலாம். முதலில் தண்ணீர், பிறகு பவுடர், டப்பாவோடு வரும் கரண்டியில் தலைதட்டி, டப்பாவில் அச்சிட்டிருக்கிற அளவுதான். மிச்சம் பிடிக்க நீர்க்கக் கலக்கவே கூடாது. நன்றாக ஆறவைத்து மணிக்கட்டில் விட்டுப் பார்த்துக் கொடுங்கள், குடித்த மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கலந்தது 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்தாலும் கொட்ட வேண்டியதுதான். புட்டி கொடுக்கிற நேரத்தில் அவர் பம்ப் செய்தால் சுரப்பு குறையாது. வெறும் தண்ணீர் ஆறு மாதம் வரை வேண்டாம், தேன் ஒரு வயது வரை கூடாது.

புது_அப்பா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. நேற்றிலிருந்து எண்ணிப் பார்த்தோம், டயப்பர் நன்றாகவே நனைகிறது, மஞ்சளாகவும் போகிறாள். மனைவியிடம் இந்தத் திரியைப் படித்துக் காட்டினேன், எடை பார்த்துவிட்டு மற்றதை முடிவு செய்யலாம் என்றாள். பக்கவாட்டுப் பிடியில் வலி குறைவு என்கிறாள். ஆனால் இடது மார்பில் ஒரு இடம் கட்டியாக, சிவந்து சூடாக இருக்கிறது. அழுத்தித் தேய்த்தால் கரையும் என்று உறவில் ஒருவர் சொன்னார். அந்தப் பக்கம் கொடுப்பதை நிறுத்த வேண்டுமா?

பிரசவ_வார்டு_நர்ஸ்:

நிறுத்த வேண்டாம், அந்தப் பால் குழந்தையை ஒன்றும் செய்யாது, நிறுத்தினால்தான் இன்னும் கட்டிக்கொள்ளும். அழுத்தித் தேய்க்கவும் வேண்டாம், உள்ளே வீக்கம் அதிகமாகும். குழந்தை கேட்கிறபடி வழக்கம் போலக் கொடுக்கட்டும், காலி செய்கிறேன் என்று கூடுதலாகப் பம்ப் செய்ய வேண்டாம், கொடுத்த பிறகு குளிர்ந்த துணியை வைத்து எடுக்கட்டும். வலிக்கு எந்த மாத்திரை என்று டாக்டரிடம் கேளுங்கள், பாலூட்டும்போது சாப்பிடக்கூடியவை இருக்கின்றன. குளிர் நடுக்கமோ 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சலோ வந்தால் அன்றைக்கே போய்விடுங்கள், காய்ச்சல் இல்லாவிட்டாலும் ஒரு நாளில் குறையவில்லை என்றால் போங்கள்.

குழந்தை எழுப்பினாலும் எழாமல் தூங்கினால், கண்ணும் தோலும் மஞ்சளாகத் தெரிந்தால், டயப்பர் சட்டென்று குறைந்தால் ராத்திரியானாலும் காத்திருக்க வேண்டாம்.

அப்புறம், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுதியிருந்தீர்கள். முதல் சில நாள் அழுகை வந்து போகும். இரண்டு வாரம் தாண்டியும் அப்படியே இருந்தால், குழந்தை தூங்கும்போதும் அவருக்குத் தூக்கம் வரவில்லை என்றால், பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம், சிகிச்சை உண்டு. தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்வது போலப் பேசினால் ஒரு நாளும் பார்க்காமல் உடனே கூட்டிப் போக வேண்டும். எடை பார்க்கப் போகிறபோது இதையும் டாக்டரிடம் நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள், அவராகச் சொல்ல மாட்டார்.