ஆமைப் பெட்டியில் மேலே தூசி, அடியில் பூஞ்சணம்: என்ன மண் போடுவது?

லெஸ்டர் வாசி – நவம்பர் 9

வணக்கம். இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறோம். வீட்டில் நாலு வயது ஹெர்மன் ஆமை ஒன்று உண்டு, எடை 230 கிராம். பெயர் மாவடு, மகள் வைத்தது. கோடையில் தோட்டத்துக் கூண்டில் இருக்கும். செப்டம்பர் கடைசியிலிருந்து வீட்டுக்குள்தான். 120க்கு 60 செ.மீ. மரப்பெட்டி, மேல்பக்கம் திறந்தது. இந்த வருடம் குளிர்கால உறக்கத்துக்கு விடவில்லை.

கடையில் சொன்னபடி அடியில் வெறும் தேங்காய் நார்த்தூள் மட்டும் போட்டோம். இரண்டு வாரத்தில் விளக்குக்குக் கீழே பொடிப்பொடியாகிவிட்டது. மாவடு நடந்தாலே தூசி கிளம்புகிறது. முன்னங்காலால் கண்ணைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. காய்ந்ததுதானே பிரச்சினை என்று காலையும் மாலையும் தண்ணீர் தெளித்தேன். பத்தே நாளில் எதிர்ப்பக்கம் அது தூங்குவதற்காகக் கவிழ்த்து வைத்த ஓட்டுக்கடியில் வெள்ளையாகப் பூஞ்சணம் படர்ந்து, மழையில் நனைந்த சாக்கு வாடை அடிக்கிறது. நேற்றிலிருந்து ஒரு மூக்குத் துளையில் சின்னதாக நீர்க்குமிழி வேறு.

கணவர் செய்தித்தாள் போதும் என்கிறார். கடைக்காரர் மரச்சில்லு வாங்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டில் மணல் என்கிறார்கள். வெயில் விளக்கடியில் 34 டிகிரி, குளிர்ந்த பக்கம் 20 டிகிரி. எதைப் போடுவது?

கென்ட் அக்கா – நவம்பர் 9

மண்ணை அப்புறம் பார்ப்போம், முதலில் மூக்கு. தூசியால் வந்ததாகவும் இருக்கலாம், மைக்கோபிளாஸ்மா, ஹெர்பிஸ் போன்ற தொற்றாகவும் இருக்கலாம். பார்த்துச் சொல்ல முடியாது. ஊர்வன பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் இந்த வாரமே காட்டுங்கள். பூஞ்சணம் பிடித்த நார்த்தூளை மொத்தமாக வழித்துப் போட்டுவிட்டு, அதுவரை செய்தித்தாள் விரியுங்கள். அந்த அளவுக்கு உங்கள் கணவர் சொல்வது சரி. ஆனால் அது சில நாளைக்குத்தான். காகிதத்தில் தோண்ட முடியாது, கால் வழுக்கும், ஈரமும் நிற்காது.

வழிப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். வெப்பமானியின் கம்பி முனையைக் குளிர்ந்த மூலையில் அடிவரைக்கும் செருகிவைத்து, விடியற்காலையில் எவ்வளவு காட்டுகிறது என்று பாருங்கள். நார்த்தூள் எத்தனை செ.மீ. ஆழம்? பெட்டி எதன்மேல் இருக்கிறது?

லெஸ்டர் வாசி – நவம்பர் 10

அக்கா, காலை ஆறு மணிக்கு 13 டிகிரி! நான் சொன்ன 20 பகலில் காற்றில் பார்த்தது. ஆழம் 4 செ.மீ. இருக்கும். பெட்டி கண்ணாடி அறையில் டைல்ஸ் தரையிலேயே இருக்கிறது. மருத்துவரிடம் வியாழக்கிழமை நேரம் கிடைத்திருக்கிறது.

கென்ட் அக்கா – நவம்பர் 10

அப்போ பிடிபட்டுவிட்டது. ஈரம் இந்த ஆமைக்கு எதிரி இல்லை. குளிரோடு சேர்ந்த ஈரம்தான் எதிரி. இளம் ஆமைக்கு ஈரப்பதம் தேவை. வறண்ட இடத்தில் வளர்ந்தால் ஓட்டுக் கட்டங்கள் கோபுரம் கோபுரமாக மேடு தட்டும். சல்காட்டா என்ற ஆப்பிரிக்க ஆமையின் குட்டிகளை வைத்துச் செய்து 2003இல் வெளியான ஆய்வு ஒன்றிலும், ஈரப்பதம் அதிகமாக இருந்த குட்டிகளுக்கு மேடு குறைவாக இருந்தது. அதனால் ஈரம் வேண்டாம் என்று மரச்சில்லுக்கோ மணலுக்கோ ஓடாதீர்கள். தேவதாரு, பைன் சில்லு கூடவே கூடாது, அதன் எண்ணெய் வாசம் மூச்சுக்கு ஆகாது. தனி மணல் கண்ணில் விழும், இலையோடு வயிற்றுக்குள்ளும் போகும்.

உங்கள் வீட்டில் நடந்தது இதுதான். நாலு செ.மீ. ஆழத்தில் விளக்கடியில் உள்ளது முழுதாகக் காய்ந்துவிடும். நீங்கள் தெளித்தது மேலே மட்டும் நனைத்து, குளிர்ந்த பக்கத்தில் ஆவியாக வழியில்லாமல் தங்கிவிட்டது. டைல்ஸ் கீழிருந்து சூட்டை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. எந்த மண்ணைப் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

முதலில் பெட்டியைத் தரையிலிருந்து தூக்குங்கள். உறுதியான மேசை வேண்டும், மண் மட்டுமே 60 கிலோவுக்கு மேல் வரும். அடியில் தெர்மாகோல் பலகை ஒன்று. இரவுக்கு மேலிருந்து தொங்கும் செராமிக் ஹீட்டர், தெர்மோஸ்டாட்டோடு. கீழே வைக்கும் சூட்டுப்பாய் வேண்டாம். சூடு தாங்காமல் தோண்டி இறங்கும் ஆமை இன்னும் சூட்டுக்குள்தான் போய் விழும்.

நான் பதினோரு வருடமாகப் போடுவது தோட்ட மேல்மண்ணும் நார்த்தூளும் கலந்தது. கடையில் டாப்சாயில் என்றே கேளுங்கள். கம்போஸ்ட் வேண்டாம். உரம் கலந்திருக்கும், வெள்ளை வெள்ளையாக பெர்லைட் என்ற எரிமலைக்கல் துணுக்கு இருக்கும், அதை ஆமை தின்னும். உங்கள் பெட்டிக்கு 10 செ.மீ. ஆழமென்றால் 72 லிட்டர் வேண்டும். மண் 45 லிட்டர், மீதி நார்த்தூள். 650 கிராம் கட்டி ஒன்று ஊறினால் சுமார் 9 லிட்டர், ஆக மூன்று கட்டி. மரம் உளுத்துப்போகாமல் உள்ளே பிளாஸ்டிக் விரிப்பு போட மறக்காதீர்கள்.

பதம் எப்படி என்றால், புட்டுக்கு மாவு பிசிறுகிறோமே, அதேதான். கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பிழிந்தால் சொட்டுத் தண்ணீர் வரக்கூடாது. இனிமேல் தெளிக்காதீர்கள். வாரம் ஒரு தடவை ஒரு குவளை வெதுவெதுப்பான தண்ணீரை நாலு மூலையிலும் ஊற்றுங்கள். அடி ஈரமாகும், மேல் அரை அங்குலம் காய்ந்தே இருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

பொள்ளாச்சி நார் – நவம்பர் 11

எங்களுக்குப் பொள்ளாச்சிப் பக்கம் நார் மில், அதனால் நார்த்தூள் பற்றி மட்டும் சொல்கிறேன். தேங்காய் மட்டையில் இயற்கையாகவே சோடியம், பொட்டாசியம் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் அலசினால்தான் போகும். பையில் ‘லோ ஈசி’ என்று இருந்தால் அலசியது; ஈசி என்பது உப்பின் அளவைக் காட்டும் எண். 0.5க்குக் கீழே இருந்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால் ‘பஃபர்’ செய்தது என்று இருந்தால் விட்டுவிடுங்கள். அதைச் செடிக்காகக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்திருப்பார்கள். ஆமை அதன்மேல் விழுந்த இலையைத் தின்னும் இல்லையா? என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாவிட்டால், ஊறியபின் துணியில் கட்டி இரண்டு மூன்று தண்ணீர் அலசிப் பிழியுங்கள். முதல் தண்ணீர் டீ டிகாஷன் மாதிரி வரும், மூன்றாவதில் வெளுத்துவிடும். அப்புறம், நார்த்தூள் ஒருதடவை எலும்பாகக் காய்ந்துவிட்டால் சட்டென்று தண்ணீர் குடிக்காது, மேலே உருண்டு ஓடும். அக்கா சொல்வதுபோல் மண்ணோடு கலந்தால் அந்தத் தொல்லை குறையும்.

வைகைக்கரை – நவம்பர் 11

இடையில் ஒரு கேள்வி. மதுரைப் பக்கம் எங்கள் வயலில் நட்சத்திர ஆமை ஒன்று கிடைத்தது. அண்ணன் பையன் வளர்க்க ஆசைப்படுகிறான். இதே மண் கலவை போதுமா?

பொள்ளாச்சி நார் – நவம்பர் 11

தம்பி, அதை வீட்டில் வைக்கவே கூடாது. வன உயிரின பாதுகாப்புச் சட்டத்தின் 2022 திருத்தத்தில் அது மிகக் கடுமையான பாதுகாப்புள்ள முதல் அட்டவணைக்குப் போய்விட்டது. சர்வதேச வணிகத்துக்கும் 2019இலேயே தடை வந்துவிட்டது. கிடைத்த வயல் எது என்று குறித்துவைத்து வனத்துறை அலுவலகத்தில் சொல்லுங்கள். நீங்களாக வேறு எங்கும் கொண்டுபோய் விடவேண்டாம். பையனையும் கூட்டிப் போங்கள், அவனே கையில் கொடுக்கட்டும்.

லெஸ்டர் வாசி – நவம்பர் 16

மருத்துவர் பார்த்தார். நுரையீரலில் சத்தம் இல்லை, வாய்க்குள் புண் இல்லை, எடை குறையவில்லை. தூசி எரிச்சலாகத்தான் தெரிகிறது என்று கண்ணைக் கழுவிவிட்டார். தொற்றா என்று பார்க்க மாதிரியும் எடுத்து அனுப்பியிருக்கிறார். தினமும் இருபது நிமிடம் தாடையளவு வெதுவெதுப்பான தண்ணீரில் விடச் சொன்னார்.

மண் தயாராகிவிட்டது. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் மிரண்டுவிடாதா?

கென்ட் அக்கா – நவம்பர் 16

மிரளும், இரண்டு நாள் சாப்பிடாமல்கூட இருக்கும். சாதாரணமாக மாற்றும்போது பழைய மண்ணில் இரண்டு கை அள்ளிப் புதியதில் கலந்துவிடுவேன், வாசனை பழகியிருக்கும். உங்களுக்குப் பூஞ்சணம் வந்ததால் அது வேண்டாம். அதற்குப் பதில் ஓடு, கல், தண்ணீர்த் தட்டு எல்லாவற்றையும் வெந்நீரில் கழுவிக் காயவைத்து, முன்பிருந்த அதே மூலையில் வையுங்கள். தீனியை ஒரு கருங்கல் பலகைமேல் போடுங்கள், மண் ஒட்டாது. மலத்தை அன்றன்றைக்கு எடுத்துவிட்டால் முழுமண்ணையும் நாலைந்து மாதத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

லெஸ்டர் வாசி – டிசம்பர் 5

மூன்று வாரம் ஆகிறது. தொற்றுச் சோதனையில் எதுவும் இல்லை. குமிழி நின்றுவிட்டது, கண்ணைத் தேய்ப்பதும் இல்லை. விடியற்காலையில் அடிமண் 19 டிகிரி காட்டுகிறது. முதல் இரண்டு நாள் அக்கா சொன்னபடியே கீரையைத் தொடவில்லை. மூன்றாம் நாள் காலை பெட்டியில் ஆளையே காணோம். பதறிப் பார்த்தால் ஓட்டுக்கடியில் குழி பறித்து இறங்கி, பின்ஓடு மட்டும் ஒரு ரூபாய் அளவுக்கு வெளியே தெரிகிறது. இதற்குமுன் அது புதைந்து தூங்கி நான் பார்த்ததே இல்லை. மகளைப் பள்ளிக்குக் கிளப்புவதை விட்டுவிட்டு இரண்டு பேரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு சந்தேகம். மண்ணைக் கிளறினால் வெள்ளையாக, எள்ளில் பாதிகூட இல்லாத பூச்சிகள் துள்ளுகின்றன. மண்ணை மாற்ற வேண்டுமா?

கென்ட் அக்கா – டிசம்பர் 5

துள்ளினால் அது ஸ்பிரிங்டெயில். மண்ணோடு வந்திருக்கும். ஆமையைக் கடிக்காது, பூஞ்சணத்தைத்தான் தின்னும். அப்படியே இருக்கட்டும், மாற்றவேண்டாம். துள்ளாமல் ஆமையின் கழுத்து மடிப்பிலோ கால் இடுக்கிலோ ஊர்ந்தால் மட்டும் உடனே படம் எடுத்துப் போடுங்கள்.