புதுப்பிப்பு: அடைத்துக்கொண்டே இருந்த பழைய கழிவுநீர்க் குழாய்

முழுக்கத் தோண்டி மாற்றணுமா என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, நீங்கள் சொன்னபடி முதலில் குழாயைக் கழுவிவிட்டு அப்புறம் உள்ளே கேமரா விட்டுப் பார்த்தோம். பழைய சுட்ட மண் குழாய். குழாய் நன்றாகத்தான் இருக்கிறது, தொல்லையெல்லாம் இணைப்புகளில். ஓர் இடத்தில் வேர் தலைமுடிக் கற்றை மாதிரி தொங்க, அதில் கொழுப்பு கட்டிக் கிடந்தது. சரி, அதற்கு உள்ளுறை (பழைய குழாய்க்குள்ளேயே ஒட்டினாற்போல் பொருத்தும் புது உறை) போட்டால் போதும். ஆனால் கொஞ்சம் தள்ளி கேமரா தண்ணீருக்குள் முங்கியே போனது, அதாவது அங்கே குழாய் தொய்ந்திருக்கிறது. உள்ளுறை போட்டாலும் தொய்வு அப்படியேதான் இருக்கும் என்பதால் அந்தத் துண்டை மட்டும் முதலில் தோண்டி மாற்றுகிறோம். வேரை வெட்டினால் போதும் என்றவர்களுக்கு: மறுபடி வளரும், நானே இரண்டு தடவை வெட்டிப் பார்த்தவன்.